சிங்கம் பார்க்கப் போனேன், மனுசங்க வந்தாங்க!

அண்மையில் என் மாலை நேர நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "படமாகப் பார்த்துப் பழகிய ஒரு கதையை மேடையில் இசை நாடகமாகப் பார்த்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?"

'பிடித்ததா?' என்று கேட்டிருந்தால் பத்து விநாடியில் பதில் முடிந்திருக்கும். 'என்ன செய்தீர்கள்?' என்று கேட்டதால் அழுதேன், சிரித்தேன், தூங்கிவிட்டேன், பாதியில் எழுந்து வந்துவிட்டேன் என்று அழைப்புகள் வரிசை கட்டின. அன்று போடுவதற்காக எடுத்து வைத்திருந்த பாடல்களில் பாதி அப்படியே தங்கிவிட்டன.

பெரும்பாலோர் பேசியது 'தி லயன் கிங்' பற்றி. அதில் வியப்பில்லை. 1994இல் டிஸ்னி வெளியிட்ட அந்தக் கேலிச்சித்திரப் படத்தைப் பார்க்காத வீடு நம் ஊரில் குறைவு. 1997இல் அது அமெரிக்காவில் மேடையேறியது. 2011இல் மரினா பே சேண்ட்ஸ் அரங்குக்கு வந்தது. 2018இல் மீண்டும் வந்தது. நான் பார்த்தது அந்த இரண்டாம் முறை.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஓர் அங்கிள் முதலில் அழைத்தார்.

"ஏம்மா, அவ்வளவு காசு கொடுத்து சிங்கம் பார்க்கலாம்னு போனா, மனுசங்க வந்தாங்க! சிங்கத்து மூஞ்சி தலைக்கு மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கு. கீழே ஆளு மூஞ்சி அப்படியே தெரியுது. மறைக்கக்கூட இல்ல."

"அப்போ பிடிக்கலையா அங்கிள்?"

"பிடிக்காம என்ன? அந்த அப்பா சிங்கம் சாகுறப்போ தொண்டை அடைச்சிக்கிச்சு. ஏன்னுதான் தெரியல."

அடுத்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நடைபாதை ஓரத்து இருக்கை. "யானை என் தோளை உரசாத குறையா போச்சுங்க. உள்ளே நாலு பேரு நடக்குறது தெரியுது, காலெல்லாம் தெரியுது. ஆனா என் மகளைவிட நான்தான் வாயைப் பிளந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், "நான் கதையைப் பார்க்கவே இல்லக்கா. யாரு எந்தக் கயித்த இழுக்குறாங்கன்னே பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

கடைசியாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதை நான் ஒலிபரப்பில் வாசிக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கயிறும் தெரிகிறது, கண்ணீரும் வருகிறது

அங்கிளின் 'ஏன்னுதான் தெரியல' எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. முஃபாசா சாகப்போகிறது என்பது அரங்கில் எல்லாருக்கும் தெரியும். எந்த நிமிடத்தில், எப்படி, யார் கையால் என்பதும் தெரியும். அதற்குமேல், எதிரே நிற்பது சிங்கமே இல்லை, முகமூடி அணிந்த ஒரு நடிகர் என்பதும் பளிச்சென்று தெரிகிறது. பிறகு ஏன் தொண்டை அடைக்கிறது?

மேடை வடிவத்தை இயக்கியவர் ஜூலி டெய்மோர். 1998இல் சிறந்த இசை நாடக இயக்குநருக்கான டோனி விருதைப் பெற்ற முதல் பெண் இவரே. அந்த ஆண்டு 'தி லயன் கிங்' மொத்தம் ஆறு டோனி விருதுகளை அள்ளியது. முகமூடிகளையும் பொம்மைகளையும் இவர் மைக்கல் கர்ரியுடன் சேர்ந்து வடிவமைத்தார். இருநூறுக்கும் மேற்பட்ட பொம்மைகள். அவற்றை ஆட்டுபவர்களைக் கறுப்புத் துணிக்குள் ஒளித்து வைத்திருக்கலாம். டெய்மோர் அதைச் செய்யவில்லை. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்குக் கீழே, கையிலும் காலிலும் நெடுங்கோல் கட்டி நடக்கும் மனிதரைப் பார்க்கிறோம். ஒரு சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வருகிறார். சக்கரம் சுழலச் சுழல, அதன்மேல் பொருத்திய மான்கள் துள்ளுகின்றன. புல்வெளி எது தெரியுமா? தலையில் புல்லைச் சுமந்துகொண்டு வரும் ஆடல் கலைஞர்கள்தான்.

முஃபாசா இறந்த பிறகு பெண் சிங்கங்கள் அழ வேண்டும். முகமூடிக்கு அழத் தெரியாது. எனவே நடிகைகள் முகமூடியின் கண்களிலிருந்து வெள்ளை நாடாவை மெல்ல உருவி இழுக்கிறார்கள். வெறும் துணிதான். ஆனால் நான் பார்த்த அன்று, எனக்கு முன்வரிசையில் இருந்த அம்மணி சரியாக அந்த இடத்தில்தான் கைப்பையில் டிஷ்யூ தேடினார். பஞ்சம் வரும் காட்சியில் மேடை நடுவே நீல நிறப் பட்டுத்துணி வட்டமாகக் கிடக்கிறது. அதுதான் நீர்நிலை. கீழே ஒரு துளை வழியாக அதை யாரோ இழுக்க, குளம் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போகிறது. ஒரு துணியை இழுத்ததற்கு அரங்கம் முழுவதும் பெருமூச்சு விட்டதை நான் அன்றுதான் கேட்டேன்.

வானொலிக்காரர்களுக்கு இந்த வித்தை ஓரளவு தெரியும். இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டினால் போதும், நேயர் தம் மனத்தில் குதிரையை ஓடவிடுவார். குதிரையின் நிறத்தைக்கூட அவரே தீட்டிக்கொள்வார். நாம் கொடுப்பது பாதி. மீதியைக் கேட்பவர் கொடுக்கிறார். தாம் கொடுத்த அந்த மீதியால்தான் அவர் கதையோடு ஒட்டிக்கொள்கிறார்.

அங்கிள் கேட்ட நிஜச் சிங்கம் பின்னர் வந்தது. 2019இல் டிஸ்னி அதே கதையைக் கணினி வரைகலையில், ஒவ்வொரு பிடரி மயிரும் அசைய, மீண்டும் படமாக எடுத்தது. தமிழிலும் பேசியது. சிம்பாவுக்கு சித்தார்த்தும் ஸ்காருக்கு அரவிந்த்சாமியும் குரல் கொடுத்தார்கள். வசூலில் குறை இல்லை. ஆனால் விமர்சகர்கள் பலர் சொன்ன குறை ஒன்று உண்டு: சிங்கங்கள் அச்சு அசலாக இருக்கின்றன, முகத்தில் உணர்ச்சிதான் இல்லை. எல்லாவற்றையும் காட்டிவிட்டால் பார்ப்பவர் இட்டு நிரப்ப இடமில்லை. மேடையில் அந்த இடம் தாராளமாகக் கிடைக்கிறது. அங்கிளின் தொண்டை அடைத்ததற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்: பாதிச் சிங்கத்தைச் செய்தவர் அவரே.

பக்கத்து வீட்டுப் பாடம்

டெய்மோர் இதைக் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. 1970களில் இளம்பெண்ணாக இந்தோனீசியா வந்தவர், ஜாவாவிலும் பாலியிலும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தங்கி, அங்கேயே ஒரு நாடகக் குழுவும் நடத்தினார். வாயாங் கூலிட் எனும் நிழற்பொம்மலாட்டம் அவருடைய பிற்காலப் படைப்புகளில் நிழலாக விழுந்துகொண்டே இருக்கிறது. ஜாவாவின் வாயாங்கில் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிழலையும் பார்க்கலாம், அந்தப் பக்கம் போய்ப் பொம்மையை ஆட்டும் டாலாங்கையும் பார்க்கலாம். வித்தை தெரிந்தால் சுவை குறையும் என்று அங்கே யாரும் கவலைப்படுவதில்லை.

நமக்கும் இது அந்நியமில்லை. தமிழ்நாட்டின் தோல்பாவைக் கூத்து இதன் உறவுக்காரர். தெருக்கூத்தில் 'அர்ச்சுனன் தபசு' நடக்கும்போது, அர்ச்சுனன் வேடமிட்டவர் உயரமான மரத்தில் ஏறி, மேலிருந்து பூவும் எலுமிச்சையும் வீசுவார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். மேலே இருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் ஏந்துகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து இசை நாடகங்களில், பாட்டுப் பிடித்துப்போனால் கூட்டம் 'ஒன்ஸ் மோர்' என்று கூவும். பாத்திரம் சாகும் தறுவாயில் இருந்தாலும் நடிகர் மறுபடி பாடியாக வேண்டும்!

பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது, 'பார்வையாளர் வெறுமனே வாங்கிக்கொள்பவர் அல்லர், பொருளைத் தாமே உருவாக்குபவர்' என்ற கோட்பாட்டை ஸ்டூவர்ட் ஹால் எழுதிய கட்டுரையிலிருந்து தேர்வுக்காக உருப்போட்டேன். நம் கூத்துப் பார்வையாளர்கள் அதைத் தேர்வு எழுதாமலேயே செய்துவந்திருக்கிறார்கள்.

"யாருக்குமே புரியலையே!"

அன்று அழைத்தவர்களில் என்னை மிகவும் சிரிக்க வைத்தவர் தோ பாயோவைச் சேர்ந்த ஒரு பாட்டி. பேத்தி வற்புறுத்தி அழைத்துப் போயிருக்கிறாள்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது கண்ணு. போகும்போதே பயம். எல்லாரும் சிரிக்குறப்போ நான் மட்டும் முழிச்சிக்கிட்டு இருப்பேனோன்னு. ஆனா தொடக்கத்துலயே அந்தக் குரங்கம்மா வந்து ஏதோ ஒரு பாஷையில குரலெடுத்துக் கூப்பிட்டா பாரு... பக்கத்துல திரும்பிப் பார்த்தேன். அங்க யாருக்குமே புரியலையே! அப்புறம் எனக்கு மட்டும் என்ன? நிம்மதியா சாஞ்சு உட்கார்ந்துட்டேன்."

பாட்டி சொன்ன 'குரங்கம்மா' ரஃபிக்கி. படத்தில் ஆணாக இருந்த அந்தப் பாத்திரத்தை டெய்மோர் மேடையில் பெண்ணாக்கினார். கதையில் வலுவான பெண் பாத்திரம் போதவில்லை என்பது அவர் எண்ணம். ரஃபிக்கி முதலில் அழைப்பது சூலு மொழியில். நாடகம் முழுவதும் சுவாஹிலி, சூலு, கோசா, சோத்தோ, ஸ்வானா, கொங்கோ என ஆறு ஆப்பிரிக்க மொழிகள் ஒலிக்கின்றன. படத்தின் பாடல்களை எல்டன் ஜானும் டிம் ரைசும் எழுதினார்கள். மேடைக்காகச் சேர்த்த பாடல்களிலும் கூட்டுக்குரல்களிலும் தென்னாப்பிரிக்கக் கலைஞர் லெபோ எம்மின் கை பெரியது.

கட்டணம் கொடுத்து வந்த சீமானுக்கும், ஆங்கிலம் வராத பாட்டிக்கும் ஒரே அளவு புரியாமை. அந்தச் சமத்துவம் பாட்டியைச் சாய்ந்து உட்கார வைத்தது. அரங்குக்கு வரும் பலருக்கு நாடகத்தைவிடப் பெரிய தடை, 'இது எனக்கான இடமா?' என்ற தயக்கம்தான்.

விசிலடிக்கும் நாமும், கைகட்டும் நாமும்

இந்தத் தயக்கத்தை நான் நம் ஆட்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். மெக்கன்சி ரோட்டு ரெக்ஸ் திரையரங்கில் முதல் நாள் காட்சியில் விசிலடித்துத் தொண்டை கட்டிக்கொள்கிறவர்கள், மரினா பேயிலோ எஸ்பிளனேடிலோ நுழைந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எங்கே கைதட்ட வேண்டும் என்று பக்கத்து வரிசையைப் பார்க்கிறார்கள். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்துகிறார்கள்.

எல்லாரும் விசிலடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாடகம் நடக்கும்போது கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் படமெடுப்பது, வெளிச்சம் பின்வரிசைக்காரர் கண்ணைக் குத்துவது, பையிலிருந்து பொட்டலத்தைச் சரசரவென்று பிரிப்பது போன்றவை யாருக்கும் இடைஞ்சல்தான். ஆனால் சிரிப்பும் விம்மலும், குழந்தை 'சிம்பா, ஓடு!' என்று கத்துவதும் அப்படிப்பட்டவை அல்ல. நான் பார்த்த அன்று, காட்டெருமைகள் மேடையின் ஆழத்திலிருந்து சிறியவையாகத் தொடங்கி, பெரிய முகமூடிகளாக நம்மை நோக்கிப் பாய்ந்த நேரம், ஒரு சிறுவன் அப்படித்தான் கத்தினான். அரங்கில் பலர் சிரித்தார்கள். சிரித்த கையோடு, இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தக் குரல் நாடகத்தைக் கெடுக்கவில்லை. நாங்கள் எல்லாரும் கத்த நினைத்ததை அவன் கத்தினான், அவ்வளவே.

வாசிக்காத குறுஞ்செய்தி

இப்போது அந்தக் குறுஞ்செய்தி. அனுப்பியவர் ஒரு தாய். அவருடைய மகனுக்கு ஆட்டிசம் எனும் மதியிறுக்கம் உண்டு. 'லயன் கிங்' படத்தை அவன் மனப்பாடமாகச் சொல்வான். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாடகத்திற்கு அவனை அழைத்துப் போயிருக்கிறார். அது எந்த அரங்கு என்பது இங்கே தேவையில்லை. பாட்டு உச்சத்துக்குப் போனபோது மகிழ்ச்சியில் கைகளை உதறிக்கொண்டு ஒலி எழுப்பியிருக்கிறான். முன்வரிசைக்காரர் இரண்டு முறை திரும்பி முறைத்தார். மூன்றாம் முறை, 'கொஞ்சம் வெளியே கூட்டிப் போகலாமே' என்றார். இடைவேளைக்கு முன்பே இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். 'அதற்குப் பிறகு நாங்கள் எந்த அரங்குக்கும் போகவில்லை. அவன் இன்னும் வீட்டில் பாடிக்கொண்டுதான் இருக்கிறான்' என்று முடிந்தது செய்தி.

அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஒலிபரப்பில் வாசிக்காததற்குக் காரணம், இதற்குப் பின் உடனே ஒரு பாட்டைப் போட எனக்கு மனம் வரவில்லை.

இப்படி வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. 2015இல் நியூயார்க்கில் 'தி கிங் அண்ட் ஐ' இசை நாடகத்தின் பகல் காட்சி ஒன்றில், சாட்டையடிக் காட்சியின்போது மதியிறுக்கம் உள்ள ஒரு குழந்தை அலறியது. பார்வையாளர்கள் சிலர் தாயின்மேல் கோபத்தைக் காட்டினார்கள். அன்று மேடையில் இருந்த நடிகர்களில் ஒருவரான கெல்வின் மூன் லோ, அன்றிரவே ஃபேஸ்புக்கில் அந்தத் தாயின் பக்கம் நின்று எழுதினார். நாடகம் எல்லாக் குடும்பங்களுக்கும் உரியது, அந்தத் தாய் துணிச்சலானவர், இரக்கம் காட்ட வேண்டியவர்கள் நாம்தான் என்பது அவர் கருத்து. இடைஞ்சலுக்கு ஆளானதாகச் சொல்லப்பட்ட நடிகரே அதை எழுதியதால் அந்தப் பதிவு உலகம் சுற்றியது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, இதற்கு ஒரு வழியும் காட்டப்பட்டிருந்தது. காட்டியது 'தி லயன் கிங்'தான். 2011 அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கின் மின்ஸ்காஃப் அரங்கில், மதியிறுக்கம் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் என்றே ஒரு காட்சி நடந்தது. தியேட்டர் டெவலப்மண்ட் ஃபண்ட் எனும் அமைப்பு ஏற்பாடு செய்த அது, பிராட்வேயில் அத்தகைய முதல் காட்சி. கதையை மாற்றவில்லை. திடுக்கிட வைக்கும் ஒலிகளைக் குறைத்தார்கள். கண்ணைப் பறிக்கும் மின்னல் விளக்குகளை நிறுத்தினார்கள். களைத்துப்போன பிள்ளைகள் ஒதுங்கி இருக்க அரங்குக்கு வெளியே அமைதியான இடம் ஒதுக்கினார்கள். எழுந்து நடக்கலாம், பேசலாம், வெளியே போய்த் திரும்பி வரலாம். யாரும் முறைக்க மாட்டார்கள். அங்கே முறைக்கும் கூட்டமே இல்லை.

யோசித்துப் பாருங்கள், இதற்கெல்லாம் புது மேடை கட்ட வேண்டியதில்லை. ஒலிப்பெட்டியில் ஒரு குமிழைக் கொஞ்சம் இறக்க வேண்டும், சில விளக்குகளை விட்டுவிட வேண்டும், ஓர் அறையின் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

நம் அரங்கில் ஒரு காட்சி

'இலகுவான காட்சி' என்று சொல்லத்தக்க இத்தகைய ஏற்பாட்டைச் சிங்கப்பூரிலும் சில ஆங்கில நாடகக் குழுக்கள், குறிப்பாகச் சிறுவர் நாடகங்களில், செய்துவருகின்றன. நுழைவுச்சீட்டு வாங்கும்போதே விசாரித்துப் பாருங்கள். இருந்தால் உங்களுக்குப் பயன். இல்லாவிட்டாலும், கேட்கிறார்கள் என்ற செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரும்.

என் ஆசை இன்னும் கொஞ்சம் பெரியது. நமக்கென்று தமிழ் நாடகக் குழுக்கள் இருக்கின்றன. ரவீந்திரன் நாடகக் குழு, அவாண்ட் தியேட்டர், அகம் என்று பட்டியல் நீளும். குறைந்த பணத்தில், வேலை முடிந்து வந்து இரவு ஒத்திகை பார்த்து, நமக்காக நாடகம் போடுகிறவர்கள் அவர்கள். இரண்டு மூன்று நாள் ஓடும் நாடகத்தில் ஒரு பகல் காட்சியை இப்படி நடத்த முடியுமா என்று அவர்களிடம் கேட்க நினைக்கிறேன். அரங்க வாடகை எவ்வளவு என்பது எனக்கும் தெரியும். ஆகவே கேட்பதோடு நிற்காமல், அந்தக் காட்சிக்கு நேயர்களைத் திரட்டும் வேலையை என் ஒலிவாங்கி ஏற்கும்.

அந்தக் காட்சியில் மதியிறுக்கம் உள்ள பிள்ளைகள் மட்டுமா வருவார்கள்? அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டிய தாத்தா வருவார். மறதி நோய் தொடங்கிய மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வருவார். கைக்குழந்தையோடு இரண்டு வருடமாக வீட்டை விட்டு நகராத இளம் தாய் வருவார். கேட்டதற்கெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் விளக்கம் கேட்கும் தோ பாயோ பாட்டியும் வருவார். 'தொந்தரவு செய்துவிடுவோமோ' என்று அஞ்சி விலகி நிற்பவர்களை எண்ணத் தொடங்கினால் ஓர் அரங்கம் நிறைந்துவிடும்.

உலகெங்கும் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் 'தி லயன் கிங்' மேடை நாடகத்தைப் பார்த்திருக்கிறார்கள். முகமூடியையும் துணியையும் கயிற்றையும் அப்பட்டமாகக் காட்டி, மீதியை அவர்களை நம்பி விட்ட நாடகம் அது. அந்த நம்பிக்கைக்கு ஒருவர் கண்ணீரால் பதில் சொல்கிறார். ஒருவர் தூங்கி விழுந்து பதில் சொல்கிறார். ஒரு சிறுவன் கைகளை உதறிக்கொண்டு, வார்த்தை இல்லாத ஒரு குரலால் பதில் சொல்கிறான். மேடையில் இருப்பவருக்கு மூன்றும் கேட்கும்.

அடுத்த முறை அரங்கில் உங்கள் பின்வரிசையிலிருந்து அப்படி ஒரு குரல் எழுந்தால், திரும்பிப் பார்ப்பதில் தவறில்லை. பார்த்ததும் அந்தத் தாயிடம் ஒரு சிரிப்பைக் காட்டிவிட்டு, மறுபடி மேடையைப் பாருங்கள். இடைவேளைக்குப் பிறகும் அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்க, பெரும்பாலும் அது போதும்.